பிரேக் அக்கா ஜெட் ஸ்கீ வாங்கிய கதை

சிலருக்குக் காலில் சக்கரம் இருக்கிறது என்பார்கள். பிரேக் அக்காவுக்குக் காலில் இருப்பது பிரேக். வலது கால். காலையில் கண் விழிக்கும்போதே அது போர்வைக்கடியில் ஒருமுறை அழுந்தும். பொழுது கொஞ்சம் வேகமாக விடிந்துவிட்டது என்று அதற்குப் படுகிறதோ என்னவோ.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் பங்குக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறை. சுவரில் சாலைக் குறிகளின் படம், மேஜையில் ஒரு பொம்மைக் கார், வாசலில் நிஜக் கார். நிஜக் காரில் ஓட்டுபவரின் காலடியில் இருப்பது போலவே பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பக்கத்து சீட்தான் அக்காவின் ராஜ்ஜியம். ஓட்டுபவர் பக்கத்துப் பிரேக்கின் ரப்பர், கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே வரிவரியாக இருக்கும். அக்கா பக்கத்து ரப்பரோ தேய்ந்து, அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கார் மேல் ஒரு கீறல் இல்லை. அக்கா இதைச் சொல்லாத நாளில்லை. சொல்லாமல் விடுவது இன்னொன்று: அவளிடம் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டெஸ்ட்டில் ஃபெயில். டெஸ்ட்டில் பக்கத்து சீட்டில் அதிகாரி உட்காருகிறார். அவருக்குக் கால் மேல் கால் போட்டுக்கொள்ளும் பழக்கம். சிவப்பு விளக்கு வருகிறது, மாணவர் நம்பிக்கையோடு காத்திருக்கிறார், யாரும் பிரேக் போடவில்லை. அப்புறம் மறுபடியும் அக்காவிடமே வந்து பணம் கட்டிச் சேருகிறார்கள். "உங்க கூட வந்தா பயமே இல்லக்கா" என்கிறார்கள். தொழில் நன்றாகத்தான் போகிறது.

வீட்டிலும் அந்தக் கால் ஓய்வதில்லை. சாப்பாட்டு மேஜைக்கடியில் புருஷனின் பெருவிரலைப் பலமுறை மிதித்ததில், அவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டு பல காலம் ஆகிறது. டிவியில் கார் ஓடினால் தரை அதிரும். யாராவது கல்யாண விஷயத்தையோ கடன் விஷயத்தையோ சட்டென்று ஆரம்பித்தால் கால் அழுந்துவதோடு கையும் எழும்பி, "மெதுவா, மெதுவா" என்று காற்றைத் தட்டும். அவளால் ஓரிடத்தில் உட்காரவும் முடியாது, யாரையும் ஓட விடவும் முடியாது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எவ்வளவு அலுப்பு என்று அவளைக் கேட்டால், "எனக்கென்ன அலுப்பு?" என்று எழுந்து போய் ஏற்கெனவே மூடியிருக்கும் கேஸை மூடிவிட்டு வருவாள்.

புருஷன் பல்செட்டுக்காரர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்வரிசை செய்து கொடுப்பவர். ஊரில் பாதி வாய் அவர் கைவேலை. சொந்த வாயை மட்டும் அதிகம் உபயோகிக்க மாட்டார். இருவருக்கும் ஒரே மகள். கதையில் சிக்கல் அவளிடமிருந்து ஆரம்பிக்கிறது.

மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் வயது வந்ததும் அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஐந்தாறு நாள் போயிற்று. வண்டி நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, நின்றது. ஒரு நாள் மகள் சாவியைப் பிடுங்கி அம்மா மடியில் போட்டாள்.

"ஓட்டுறது நானா நீயா?"

"நீதான் ஓட்டுற. நான் சும்மா பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்கற வரைக்கும் நான் எங்கம்மா ஓட்டுறது?"

அதோடு பேச்சு நின்றது. சில மாதம் கழித்துக் காலைச் சாப்பாட்டின்போது மகள் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை வைத்தாள். லைசென்ஸ். முதல் தடவையிலேயே பாஸ். படித்தது சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் போட்டி ஸ்கூலில். அக்காவின் கடை வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் ஸ்கூல். அங்கே போக வர மகள் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் சுற்றிப் போயிருக்கிறாள். அக்கா அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "போட்டோ நல்லா வந்திருக்கு" என்றாள். மேஜைக்கடியில் கால் அழுந்தி அழுந்தி, மேஜையே மெல்ல நகர்ந்தது.

அதற்குப் பிறகு இருவரும் ஒரே காரில் போனதில்லை. "நான் ஓட்டுறேன், நீ பின் சீட்ல உக்காரு" என்பது மகளின் கட்சி. பின் சீட்டில் பிரேக் கிடையாது. ஆகவே அக்கா பஸ்ஸில் போனாள். பஸ்ஸிலும் முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கமாக.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. பெட்டி வாங்கியாயிற்று. பேசாமல் இருக்கும் இருவரில் ஒருத்தி ஊரை விட்டுப் போனால், அப்புறம் அது பேசாமல் இருப்பது என்று யாருக்கும் தெரியாது, தூரம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அக்காவுக்கு இது தெரியும். தெரிந்ததனால்தான் அந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் மாறி மாறித் திருகி மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பல்செட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பழைய ஜெட் ஸ்கீ ஒண்ணு வாங்கலாமா?"

வீடே திரும்பிப் பார்த்தது. மகள் சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஏரிக்குப் போய் வாடகை ஜெட் ஸ்கீயில் மாறி மாறிப் பின்னால் உட்கார்ந்து சுற்றுவார்கள். தண்ணீர் மேல் ஓடும் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒன்று. ஓட்டுவது வாடகைக்காரன், ஆகவே அக்காவும் திட்டுவதற்கு ஆளிருக்கும் நிம்மதியில் சிரித்துக்கொண்டு வருவாள். வாடகைக்காரன் கடையை மூடிவிட்டுப் போய் நாளாயிற்று.

"சொந்தமா இருந்தா," என்றார் பல்செட்டுக்காரர், "ஞாயித்துக்கிழமை எல்லாரும் போகலாம்." ஒரே நாளில் இரண்டு வாக்கியம். களைப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் யோசித்தாள். "வாங்குங்கப்பா. ஆனா ஓட்டுறது நான். அம்மா பின்னாடி உக்காரணும். கையும் காலும் சும்மா இருக்கணும். அப்படின்னா நான் ஞாயித்துக்கிழமை தவறாம வருவேன். இல்லேன்னா, எப்ப லீவு கிடைக்குதோ அப்ப."

"வாய்?" என்றாள் அக்கா.

"வாய் இருந்துட்டுப் போகட்டும். அதையும் பிடுங்குனா நீ செத்துடுவ."

இப்படித்தான் அக்கா புருஷனோடு ஜெட் ஸ்கீ பார்க்கக் கிளம்பினாள்.

ஆலோசனைக்குக் கூட வந்தவர் கொழுந்தனார், பல்செட்டுக்காரரின் தம்பி. எந்தப் பொருளை வாங்குவதாக இருந்தாலும் இவரைக் கூட்டிப் போவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அவர் அதற்கு முந்தின நாள் முழுக்க வீடியோ பார்த்துவிட்டு வருவார். பிரிட்ஜ் வாங்கும்போது பிரிட்ஜ் எஞ்சினியர், மெத்தை வாங்கும்போது எலும்பு டாக்டர். "அண்ணி, மூணு விஷயம்தான்" என்று காரில் ஏறியதும் ஆரம்பித்தார். "உப்புத் தண்ணில ஓடினதா, நல்ல தண்ணில ஓடினதா? மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு? கம்ப்ரஷன் எப்படி? இந்த மூணுக்கும் பதில் சொல்ல முடியாதவன் திருடன்."

"கம்ப்ரஷன்னா என்ன சித்தப்பா?" என்றாள் மகள். (அவள் அன்று டாக்சியில் வந்தாள். அக்காவின் கார் பின்னால் அந்த டாக்சி வந்துகொண்டிருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டது இறங்கிய பிறகு.)

"அது உள்ள இருக்கும்" என்றார் சித்தப்பா.

முதலில் பார்த்த வண்டி ஒரு வீட்டு கராஜில், சைக்கிளுக்கும் துணி காயவைக்கும் கம்பிக்கும் நடுவே துணி போர்த்திக் கிடந்தது. கொழுந்தனார் முன்பக்க மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, நிமிர்ந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, எஞ்சினையே காணோம்" என்றார். உள்ளே ஒரு ஜோடி ஈர சாக்ஸ் மட்டும் இருந்தது. விற்பவர் மரியாதையாக சீட்டைக் கழற்றிக் காட்டினார். எஞ்சின் அங்கே, சீட்டுக்கடியில் இருந்தது. கொழுந்தனார், "சரியாத்தான் வச்சிருக்கான்" என்று ஒப்புதல் கொடுத்தார்.

அக்கா இதையெல்லாம் கேட்கவில்லை. குனிந்து, கால் வைக்கும் பள்ளத்தை இரு பக்கமும் தடவிக்கொண்டிருந்தாள்.

"பிரேக் எங்க?"

"தண்ணில பிரேக்கா மேடம்? இதுல அது கிடையாது. கைய எடுத்தா தண்ணியே பிடிச்சு நிறுத்திடும்."

"தண்ணி எப்பப் பிடிக்கும்?"

"அது... கொஞ்ச தூரம் போய்."

அக்கா நிமிர்ந்தாள். "வாங்க போலாம்."

இரண்டாவது வண்டியில் இடது கைப்பக்கம் ஒரு லீவர் இருந்தது. பிடித்தால் வேகம் அடங்கும். விற்பவர் அதைச் சொன்னதும் அக்காவின் முகம் பல வருஷத்துக்கு முன் தொலைந்த கம்மல் கிடைத்தது போல் ஆயிற்று. அந்த லீவரைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள். மற்றபடி அது கடலில் ஓடின வண்டி. போல்ட்டுகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, சீட்டைத் தூக்கினால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு மூச்சு வந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு மன்னிப்புக் கேட்பது போல் அடங்கியது.

"இதையே எடுத்துக்கலாம்" என்றாள் அக்கா.

"அம்மா, இது ஓடாது."

"பிரேக் இருக்குல்ல?"

"ஓடாத வண்டிக்கு பிரேக் எதுக்கும்மா?"

"அதைவிடப் பாதுகாப்பு வேற என்ன வேணும்?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மகள் அதைப் புரிந்துகொண்டு டாக்சிக்காரரைத் தேடிப் போனாள். கொழுந்தனார் மட்டும் அங்கேயே நின்று, "கம்ப்ரஷன் போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். முதல் தடவையாக அது சரியாகவும் இருந்தது.

மூன்றாவது ஏரிக்கரையிலேயே இருந்தது. படகு மெக்கானிக் ஒருவரின் கொட்டகை: தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த பலகைகள், சுவரில் அளவு வாரியாக ஸ்பானர்கள், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மிதக்கும் மேடை, அதன் விளிம்பில் வரிசையாகப் பழைய டயர்கள். மெக்கானிக் எழுந்து வந்து அக்காவைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வணங்கினார்.

"அக்கா! என்னைத் தெரியல? உங்ககிட்டதான் டிரைவிங் படிச்சேன்."

"அப்படியா! லைசென்ஸ் வாங்கிட்டியா?"

"மூணு தடவை ஃபெயிலுக்கா. அப்புறம்தான் யோசிச்சேன், எங்க பிரேக்கே வேண்டாமோ அங்க போயிடலாம்னு. தண்ணிப் பக்கம் வந்துட்டேன். உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

மகள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

வண்டி நீலமும் வெள்ளையும். மூன்று பேர் உட்காரலாம். ஏரித் தண்ணீர் தவிர வேறு பார்த்ததில்லை, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவியது அவரே. சீட்டைத் தூக்கிக் காட்டினார்: எஞ்சின் சுத்தமாக, காய்ந்து இருந்தது. வண்டியைச் சாய்த்து, அடியில் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் விசிறியைக் காட்டினார்: அதன் ஓரத்தில் கல் பட்ட வடு இல்லை. கொழுந்தனார் கேட்க வைத்திருந்த எல்லாக் கேள்விக்கும் அவர் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டதால் கொழுந்தனாருக்கு அந்த ஆள் மேல் லேசான வெறுப்பு வந்தது.

"பிரேக்?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. இன்னொண்ணும் சொல்லிடறேன், இதுதான் முக்கியம்." மெக்கானிக் பின்னால் போய், தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும் குழல்வாயைக் கையால் இடமும் வலமும் ஆட்டினார். "ஹேண்டில திருப்பினா இது திரும்பும். இதுலேருந்து தண்ணி பீச்சுற வேகத்துலதான் வண்டி திரும்பும். வலது கட்டைவிரல்ல அழுத்துறதுதான் கேஸ், அதை விட்டுட்டா தண்ணி பீச்சாது. தண்ணி பீச்சலேன்னா ஹேண்டில எப்படி முறுக்கினாலும் நேராத்தான் போகும். எதுக்கால ஏதாவது வந்தா எல்லாரும் பயத்துல கேஸை விட்டுடுவாங்க, போய் அதுலயே முட்டுவாங்க. திரும்பணும்னா கேஸ் குடுக்கணும். புரியுதாம்மா?"

"புரியுதுண்ணே" என்றாள் மகள்.

"புரியுது" என்றாள் அக்கா. காதுக்குப் புரிந்தது. காலுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் மெக்கானிக் ஹேண்டிலுக்குக் கீழிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்தார். டெலிபோன் கயிறு மாதிரி சுருள் சுருளாக இருந்தது. "இதோட ஒரு முனை ஓட்டுறவங்க மணிக்கட்டுல. இன்னொரு முனை இங்க, இந்தப் பட்டன்ல. ஓட்டுறவங்க தவறி விழுந்தா கயிறு பிடுங்கிக்கும், எஞ்சின் பட்டுனு நின்னுடும். வண்டி ஆளில்லாம ஓடாது."

"கயிறைப் பிடுங்கினா நின்னுடுமா?" என்றாள் அக்கா.

"உடனேக்கா."

"உடனேவா?"

"உடனே."

"நல்ல வண்டி" என்றாள் அக்கா.

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். ஓட்டும் இடத்தில் மகள், நடுவில் அக்கா, கடைசியில் பல்செட்டுக்காரர். கொழுந்தனார் கரையில் நின்று போனில் படம் எடுத்தார்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. மகள் மெல்லக் கிளம்பினாள், மேடையைத் தாண்டி, படகுகள் கட்டியிருக்கும் இடத்தைத் தாண்டி, திறந்த தண்ணீருக்கு வந்ததும் வலது கட்டைவிரலால் கேஸ் லீவரை அழுத்தினாள். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அக்காவின் பாதம் பள்ளத்தில் அழுந்தியது. அங்கே ஒன்றுமில்லை. மறுபடி அழுந்தியது. ஒன்றுமில்லை. மகளின் இடுப்பைக் கட்டியிருந்த கைகளுக்குள் அவளுடைய மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. கடைசியாக மகளை இப்படிப் பிடித்தது எப்போது என்று யோசித்தாள். முகத்தில் தண்ணீர் சாரலாக அடித்தது. பின்னாலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. பல்செட்டுக்காரர் ஊளையிட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷமாம்.

ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டு மகள் கரைப்பக்கம் திரும்பி வந்தாள். மேடைக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து மறுபடி ஏரிக்குள் போக அவள் எண்ணம். மேடை பெரிதாகிக்கொண்டு வந்தது. டயர்கள் தெரிந்தன. கொழுந்தனாரின் வாய் திறந்திருப்பது தெரிந்தது. அக்காவின் வலது கால் அழுந்தியது, இடது கால் அழுந்தியது, ஒன்றும் நிற்கவில்லை. இந்த உலகத்தில் பிரேக் என்று ஒன்று இருந்தால் அது இப்போது மகளின் மணிக்கட்டிலிருந்து சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இழுத்தாள்.

எஞ்சின் பட்டென்று நின்றது. அந்த அமைதியில் ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போல் இருந்தது. ஹேண்டில் முழுக்க இடப்பக்கம் திரும்பியிருந்தது. வண்டி நேராகப் போயிற்று.

"அம்மா!"

டயரில் பாதி, பலகையில் பாதியாக மோதியது. பல்செட்டுக்காரர் மனைவிக்கும் மகளுக்கும் மேலாகப் பறந்து, மேடையில் விழாமல் தண்ணீரில் விழுந்து, மிதந்து எழுந்தார். யாருக்கும் அடியில்லை. வண்டியின் மூக்கு மட்டும் உடைந்து வெள்ளை நாராகப் பிளந்திருந்தது. அக்கா சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தாள். சிவப்புக் கயிற்றின் கழன்ற முனை அவள் கையில் இருந்தது.

மகள் மணிக்கட்டிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டு மேடை மேல் ஏறினாள். ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

"வளைஞ்சுக்கிட்டு இருந்தேம்மா," என்றாள். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்லாத்தான் வளைஞ்சுக்கிட்டு இருந்தேன். நீதான் என்னை நேரா கொண்டுபோய் முட்ட வச்சே."

ஜாக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஈர உடையோடு சாலைக்கு நடந்தாள். அக்கா எழுந்து இரண்டடி போனாள், நின்றாள், ஓர் எட்டு பின்னால் வந்தாள், மறுபடி போனாள். பிறகு போகவில்லை.

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற பல்செட்டுக்காரர் மெக்கானிக்கிடம் சொன்னார்: "இதையே எடுத்துக்கறோம்."

சாமான் தேர்ந்தெடுப்பதில் எத்தனையோ முறைகள் உண்டு. விசாரித்து வாங்கலாம், பேரம் பேசி வாங்கலாம், கொழுந்தனைக் கூட்டிப் போய் வாங்கலாம். உடைத்துவிட்டு வாங்குவதைப் போல் சீக்கிரம் முடிவது எதுவும் இல்லை.

மூக்கைச் சரிசெய்ய மெக்கானிக்கோடு பல்செட்டுக்காரரும் உட்கார்ந்தார். பிளவில் பசையையும் நாரையும் வைத்து அடைத்தது மெக்கானிக். மேலே தேய்த்து மெருகேற்றியது இவர். பல்லுக்கு மெருகேற்றிய கை அல்லவா, கடைசியில் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிடப் பளபளத்து, வண்டி மேல்வரிசைப் பற்கள் தெரியச் சிரிப்பது மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் மகள் பெட்டியில் துணி அடுக்கினாள். அக்கா அறை வாசலுக்கு வந்து நிற்பாள், "ஸ்வெட்டர் வச்சியா?" என்பாள், பதிலுக்கு முன்பே போய்விடுவாள். கடையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் எழுந்துகொள்வாள். மாணவர்கள் ஓட்டும்போது அவள் கால் வழக்கம் போல் அழுந்தியது, ஆனால் மனசு அதில் இல்லை. ஒரு மாணவர், "அக்கா, இப்ப ஏன் பிரேக் போட்டீங்க? ரோடு காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டார். இவ்வளவு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அக்கா காரை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி, நேராக ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். அந்த மாணவர் காரை ஓட்டிக்கொண்டு போனாரா தள்ளிக்கொண்டு போனாரா என்று தெரியாது.

"என்னை ஏத்திக்கிட்டுப் போ" என்றாள் மெக்கானிக்கிடம். "நடுவுல கேஸை விடு. ஹேண்டில முறுக்கு. நான் பார்க்கணும்."

மெக்கானிக் தண்ணீருக்கு நடுவே மிதந்த ஆரஞ்சு மிதவையை நோக்கி வண்டியை விட்டார். கேஸை விட்டார், ஹேண்டிலை முறுக்கினார். வண்டி முனகிக்கொண்டு நேராகப் போய் மிதவையைத் தொட்டது. "இன்னொரு தடவை." மறுபடி. "இன்னொரு தடவை." ஒவ்வொரு தடவையும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மிதவை வருவதைப் பார்த்தாள். பிறகு, "இப்பக் குடு" என்றாள். கேஸ் குடுத்ததும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து மிதவையை விலகிச் சுற்றியது.

"போதுமாக்கா?"

"உனக்கு நான் என்னதான் சொல்லிக் குடுத்தேன்?" என்றாள் அக்கா, வேறு யாரையோ கேட்பது போல.

"காலை எடு, காலை எடுன்னு சொல்வீங்க. வேற ஒண்ணும் சொல்லிக் குடுத்ததா ஞாபகம் இல்லக்கா."

மகள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு. பல்செட்டுக்காரர் ஜெட் ஸ்கீ சாவியை மேஜையில் மகள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டார். மகள் சாவியைப் பார்த்தாள், வாசலில் அப்பாவைப் பார்த்தாள். "அப்பாவுக்காக வரேன்" என்றாள். எல்லாரும் தனித்தனியாக ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏறுவதற்கு முன் அக்கா கைகளை நீட்டினாள். "கட்டிடு. அந்தக் கயிறு எட்டாத மாதிரி."

"கையக் கட்டினா தண்ணில விழுந்தா எப்படி நீந்துவ? லூசாம்மா நீ?" மகள் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டினாள். "என்னைப் பிடிச்சுக்கோ. வேற எதையும் பிடிக்காத."

போனார்கள். அக்காவின் பாதம் அழுந்தியது, அழுந்திக்கொண்டே இருந்தது, அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. கைகள் மகளின் இடுப்பில். ஏரி நடுவில் ஒரு மிதிபடகில் இளம் ஜோடி ஒன்று உலகத்தை மறந்து உட்கார்ந்திருந்தது. மகள் அவர்களைத் தாண்டி வளையப் போனபோது, அந்தப் பையன் எதையோ காட்டுவதற்குச் சட்டென்று மிதிக்க, படகு குறுக்கே வந்துவிட்டது.

மகள் பயந்தாள். கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

வண்டியின் சத்தம் அடங்கியது. ஹேண்டில் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. இந்த நேராகப் போகும் போக்கை அக்கா உடம்பில் உணர்ந்தாள், மிதவையிடம் அத்தனை தடவை உணர்ந்தது. சிவப்புக் கயிறு விரலுக்குப் பக்கத்தில் ஆடியது. தன்னிடம் படித்ததுதான், அந்த ஐந்தாறு நாளில் ஒட்டிக்கொண்டதுதான், பயந்தால் விட்டுவிடும் அந்தப் பழக்கம். எதிர் ஸ்கூல்காரன் அதை அழிக்கவில்லை.

"குடு!" என்று கத்தினாள். "கேஸ் குடு! குடு! இன்னும் குடுடி!"

கட்டைவிரல் அழுந்தியது. வண்டி உறுமிக்கொண்டு சாய்ந்து, மிதிபடகின் ஓரமாக வளைந்து, அந்த ஜோடியைத் தலை முதல் கால் வரை நனைத்துவிட்டுப் போயிற்று. பையன் எழுந்து நின்று வாய்க்கு வந்தபடி திட்டினான். கடைசி சீட்டிலிருந்து பல்செட்டுக்காரர் திரும்பி, இரு கையையும் கூப்பி, "மன்னிச்சுக்குங்க! பல்லு ஏதாவது ஆடினா வாங்க!" என்று கத்தினார்.

கொஞ்ச தூரம் போய் மகள் வண்டியை நிறுத்தினாள். அலை தட்டித் தட்டி வண்டி ஆடியது. அக்கா கையை எடுக்கவில்லை.

"குடுன்னு கத்தினது யாரு?" என்றாள் மகள், திரும்பாமலே.

"தெரியல. வாய் தவறி வந்திருக்கும்."

"இன்னும் குடுடின்னு வேற."

"அதான் சொல்றேனே, வாய் தவறி."

மகள் சிரிப்பு அவள் முதுகு வழியாகத்தான் அக்காவுக்கு வந்து சேர்ந்தது. "அடுத்த ஞாயிறு காலைலயே வந்துடுவேன். அப்பா, பெட்ரோல் ரொப்பி வைங்க. சித்தப்பா வேண்டாம்."

திரும்பிப் போகும்போது டாக்சி கிடைக்கவில்லை. மகள் அக்காவின் காருக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். அக்கா சாவியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றினாள், நாலு டயரையும் உதைத்துப் பார்த்தாள், முன் கதவைத் திறந்தாள், மூடினாள், பின் கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில், மனைவி எத்தனையோ வருஷம் உட்கார்ந்து தேய்த்த அந்த சீட்டில், பல்செட்டுக்காரர் ஈரத்தோடு உட்கார்ந்தார்.

மகள் நன்றாகவே ஓட்டினாள். அக்கா கண்ணாடி வழியே அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மெக்கானிக் கொட்டகை போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று. சந்திப்பில் ஒரு சரக்கு வேன் இடப்பக்கமிருந்து மூக்கை நீட்டியது. மகள் பார்த்துவிட்டாள், வழி இருந்தது, போகலாம்.

கார் குலுங்கி நின்றது.

"அம்மா!" என்றாள் மகள்.

"நான் இங்கடி!" என்று பின் சீட்டிலிருந்து அக்கா இரு காலையும் தூக்கிக் காட்டினாள்.

இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் பார்த்தார்கள். பல்செட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பற்பசை விளம்பரத்தில் யாருடைய பல்வரிசையோ கோணலாக இருப்பது போல் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் மட்டும் இன்னும் அழுந்தியபடி இருந்தது.